ஏரிக்கரையில் மூன்று இரவுகள்: நான்கு முகாம் தளங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த விதம்

நிலைமை

எட்டுப் பேர் கொண்ட குழு. இரண்டு தம்பதிகள், முழங்கால் தேய்மானம் உள்ள 68 வயதுப் பாட்டி ஒருவர், 3, 6, 11 வயதில் மூன்று குழந்தைகள். மூன்று இரவுகள் கூடாரத்தில் தங்க வேண்டும். ஏரியில் இறங்கி விளையாட வேண்டும், காட்டுப் பாதையில் நடக்க வேண்டும், மூத்த பையனுக்குத் துடுப்புப் படகு வேண்டும். நான்கு தளங்கள் பட்டியலில் இருக்கின்றன. நான்குமே தங்களைக் ‘குடும்பங்களுக்கு ஏற்றது’ என்றுதான் அறிவித்துக்கொள்கின்றன.

அடிக்கடி எதிர்ப்படும் நிலைமைகளை ஒன்றுசேர்த்து வகுத்த மாதிரி நிகழ்வு இது. தளங்களை அ, ஆ, இ, ஈ என்றே குறிப்பிடுகிறோம். அளவுகளையும் சோதனைகளையும் எந்த ஏரிக்கரையிலும் அப்படியே செய்து பார்க்கலாம்.

குடும்பத்தோடு போகும்போது ஒரு தளத்தின் தகுதியை அதன் மிக மோசமான ஒரு மணி நேரத்தை வைத்தே எடைபோட வேண்டும். இரவு 2 மணி, மழை, கும்மிருட்டு. சின்னக் குழந்தை கழிப்பறை போக வேண்டும் என்று அழுகிறது. அந்த நேரத்தில் தாங்குகிற தளம் பகலில் தானாகவே நன்றாக இருக்கும். பகலில் அழகாகத் தெரிகிற தளம் அந்த நேரத்தில் தாங்குமா என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. கீழே வரும் முடிவுகள் எல்லாம் இந்த ஒரு எண்ணத்திலிருந்து பிறந்தவை.

படம் பார்ப்பதற்கு முன் எழுதிய வரம்புகள்

ஏரியில் சூரியன் மறையும் படம் ஒன்றைப் பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு எழுதும் வரம்புகள் எல்லாம் அந்தப் படத்துக்குத் தகுந்தபடி வளைந்துவிடும். அதனால் தளங்களின் படங்களைத் திறப்பதற்கு முன்பே வரம்புகள் ஒரு தாளில் எழுதப்பட்டன. அவற்றைத் தீர்மானித்தவர்கள் குழுவில் மிகச் சிறியவளும் மிகப் பெரியவரும்.

கூடாரத்திலிருந்து கழிப்பறை 80 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆனால் 30 மீட்டருக்கு உள்ளே வரக் கூடாது; வந்தால் நாற்றம், விளக்கு வெளிச்சம், இரவெல்லாம் காலடிச் சத்தம் எல்லாம் சேர்ந்து வரும். வழியில் 20 சென்டிமீட்டரைவிட உயரமான படிகள் இருந்தால் பாட்டிக்கு ஆகாது.

ஏரிக்கரை கூடாரத்திலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நீர் மாசுபடாமல் இருக்க, நீர்நிலையிலிருந்து 200 அடி, அதாவது சுமார் 60 மீட்டர் விலகிக் கூடாரம் போடுவது காட்டுப் பயண நெறிகளில் பொதுவான அளவு. இந்தக் குடும்பத்துக்கு அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 3 வயதுக் குழந்தை 40 மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும். கூடாரம் கரையிலிருந்து பத்தடியில் இருந்தால், ஸ்லீப்பிங் பேக்கை மடிக்கத் திரும்பும் நேரத்தில் குழந்தை தண்ணீரில் இருக்கும். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, கையை ஆட்டுவதுமில்லை. சத்தம் கேட்டு ஓடலாம் என்று நம்பியிருக்க முடியாது.

கார் கூடாரத்துக்கு அருகில் நிற்க வேண்டும். சாமான் சுமப்பது இதில் சின்னக் காரணம்தான். மின்னல் நேரத்தில் கூடாரம் எந்தப் பாதுகாப்பும் தராது. உலோகக் கூரையுள்ள கார் தரும். மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 விநாடிக்குக் குறைந்தால் எல்லாரும் காருக்குள் போக வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆனபின் வெளியே வரலாம். எட்டுப் பேருக்கு இரண்டு கார், இரண்டும் அருகிலேயே நிற்க வேண்டும்.

மருத்துவமனை ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பினால் இருட்டுவதற்கு மூன்று மணி நேரம் முன்பாவது போய்ச் சேர முடிய வேண்டும். இந்தக் கடைசி வரம்பைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. அந்தி மயங்கிய பின் வந்து சேர்பவர்கள் காலியாகக் கிடக்கும் இடத்தில் கூடாரம் போட்டுவிடுகிறார்கள். அது ஏன் காலியாகக் கிடந்தது என்பது மழை வந்தால்தான் தெரியும்.

தளம் ஆ: தாளில் முதலிடம், நிலத்தில் கடைசி இடம்

வசதிகளை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டிருந்தால் ஆ எளிதில் வென்றிருக்கும். காட்டு ஓடை ஒன்று ஏரியில் கலக்கும் இடத்தில் பரந்த புல்வெளி. தரை ஏறக்குறைய சமதளம். நிழல் மரங்கள், கழிப்பறை 50 மீட்டரில், மணல் கரை. கணுக்கால் அளவே ஓடும் ஓடை குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

செயற்கைக்கோள் படத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பார்த்தபோது ஓடையின் முழு உருவம் தெரிந்தது. செங்குத்தான, குறுகிய பள்ளத்தாக்கு ஒன்று மலையிலிருந்து இறங்கி, சமதளத்தைத் தொட்ட இடத்திலிருந்து முக்கோணமாக விரிகிறது. நிலப்படத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் அந்த இடத்தில் ஏரியை நோக்கி வெளிப்பக்கமாக வளைந்து நிற்கின்றன. இதற்குப் பெயர் வண்டல் விசிறி. பள்ளத்தாக்கிலிருந்து வெள்ளம் அடித்துக்கொண்டு வரும் கல்லும் மண்ணும், வேகம் குறையும் இடத்தில் படிந்து படிந்து உண்டான நிலம் இது. அந்தச் சமதளத்தை உண்டாக்கியதே வெள்ளம்தான். இன்றைக்கு ஓடை ஓடும் கால்வாய், அது மாறி மாறி ஓடிய பல பாதைகளில் ஒன்று. பெருமழை வந்தால் அந்தக் கால்வாயை விட்டு விசிறியின் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தாவும்.

1996 ஆகஸ்ட் 7 அன்று ஸ்பெயினின் பிரனீஸ் மலைத்தொடரில், பியெஸ்காஸ் ஊருக்கு அருகே இருந்த லாஸ் நியெவெஸ் முகாம் தளத்தில் இதுதான் நடந்தது. ஆராஸ் என்ற மலை ஓடையின் வண்டல் விசிறியின் மேல் அந்தத் தளம் அமைந்திருந்தது. ஓடைக்குக் கால்வாய் வெட்டப்பட்டிருந்தது. மேலே தடுப்பணைகளும் கட்டப்பட்டிருந்தன. மாலையில் மலைமேல் கொட்டிய பெருமழையில் தடுப்பணைகள் உடைந்து, அவற்றின் பின்னால் தேங்கியிருந்த கற்களும் மண்ணும் வெள்ளத்தோடு தளத்துக்குள் பாய்ந்தன. 87 பேர் இறந்தார்கள். அனுமதி பெற்று நடந்த, ஆண்டுதோறும் குடும்பங்கள் வந்து தங்கிய தளம் அது. அனுமதிப் பத்திரம் இருக்கிறது, இத்தனை ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லை என்ற இரண்டு வாதங்களும் நிலத்தின் அமைப்புக்கு முன் நிற்காது.

ஆற்றங்கரைத் தளங்களுக்கு இன்னொரு பாடம் 2010 ஜூன் 11 அதிகாலையில் நடந்தது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், காட்டுக்குள் லிட்டில் மிசௌரி ஆற்றங்கரையில் இருந்த ஆல்பர்ட் பைக் முகாம் தளத்தில், எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தபோது ஆற்றின் நீர்மட்டம் ஒரு மணி நேரத்துக்கு 8 அடி என்ற வேகம் வரை ஏறியது. 20 பேர் இறந்தார்கள். வானிலை எச்சரிக்கை அன்று இரவே வெளியாகியிருந்தது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் அலைபேசி சிக்னல் இல்லை.

ஒரு நிலம் வெள்ளப் பாதையா என்று தரையில் நின்று பார்க்கவும் அடையாளங்கள் உண்டு. சமதளப் புல்லின் நடுவே தலையளவு உருண்டைக் கற்கள் சிதறிக் கிடப்பது. மரங்களில் தண்ணீர் வரும் திசையைப் பார்த்த பக்கத்தில் மட்டும் பட்டை உரிந்து வடுவாகியிருப்பது. இடுப்புயரக் கிளைகளில் காய்ந்த சருகும் குச்சியும் கொத்தாகச் சிக்கியிருப்பது. அடிமரம் மண்ணில் புதைந்து, வேர்ப் பிடிப்பு அகன்று தெரியாமல், கம்பம் நட்டதுபோல் நேராக மேலெழுவது. ஆ தளத்தில் முதல் மூன்றும் இருந்தன. தொலைபேசியில் பேசிய பொறுப்பாளர், ஓடை ஒருமுறைகூடக் கரை மீறியதில்லை என்றார். அவர் அந்தப் பணிக்கு வந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதுதான் அடுத்த கேள்வி. இரண்டு ஆண்டு. ஆ தளம் பட்டியலிலிருந்து நீங்கியது.

தளம் அ: நீர்த்தேக்கத்தின் கரை

மிக அழகான படங்கள் அ தளத்துடையவை. நீருக்குள் நீண்டு கிடக்கும் நிலத்துண்டு, மூன்று பக்கமும் தண்ணீர், கூடார இடங்கள் கரையிலிருந்து எட்டு மீட்டரில். 60 மீட்டர் வரம்பில் அது உடனே தோற்கிறது. ஆனாலும் அதை விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது. ஏரி என்று விளம்பரப்படுத்தப்படும் இடங்களில் பல அணைக்கட்டின் நீர்த்தேக்கங்களே. இயற்கை ஏரிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு குழந்தைகளுக்கு நேரடி ஆபத்தாக முடியும்.

வெவ்வேறு மாதங்களில் எடுத்த செயற்கைக்கோள் படங்களை வரிசையாகப் பார்த்தால், நீர்விளிம்பைச் சுற்றிப் புல்பூண்டு முளைக்காத வெளிறிய பட்டை ஒன்று தெரியும். நீர்மட்டம் ஏறி இறங்கும் உயரம் அது. அ தளத்தில் அந்தப் பட்டை சில மாதங்களில் 70 மீட்டர் அகலம் வரை விரிந்தது. அப்போது கரை என்பது காலை உள்ளிழுக்கும் வண்டல் சேறு. நீர் நிறைந்திருக்கும் மாதங்களில் வேறு சிக்கல்: தண்ணீருக்கடியில் இருப்பது பழைய மலைச்சரிவு. இரண்டடி எடுத்து வைத்தால் முழங்கால் அளவு, மூன்றாவது அடியில் கழுத்தளவு. மூழ்கிப்போன மரங்களின் அடிக்கட்டைகள் வேறு கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். அணைக்குக் கீழே ஆற்றோரமாக இருக்கும் தளங்களிலோ, மழையே இல்லாத நாளிலும் திறந்துவிடும் நீர் திடீரென்று வந்து சேரும். அங்கே சங்கு ஊதினால் என்ன பொருள் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

அ தளத்தை இறுதியாக நீக்கியது பாதை. உள்ளே போக ஒரே வழி, அதுவும் நிலத்துண்டின் கழுத்துப் பகுதியில் அடர்ந்த காட்டின் ஊடாக 3 கிலோமீட்டர். வறண்ட பருவத்தில் காட்டுத்தீ அந்தக் கழுத்தைப் பிடித்துக்கொண்டால் வெளியேற வழியில்லை. காட்டை ஒட்டிய தளத்துக்கு இரண்டு திசையில் வெளியேறும் வழி இருக்க வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

தளம் ஈ: ஒதுக்கியது, ஆனால் தயக்கத்தோடு

ஈ பெரிய தளம், 180 கூடார இடங்கள். விளையாட்டுத் திடல், வெந்நீர்க் குளியல், உயிர்காப்பாளர் நிற்கும் நீச்சல் கரை எல்லாம் உண்டு. நீக்கியதற்கு ஒரே காரணம்: கூடாரங்களுக்கும் கரைக்கும் நடுவே கார்கள் ஓடும் உள்சாலை. 6 வயதுக் குழந்தை ஒரு நாளில் அதைப் பத்துப் பதினைந்து முறை கடக்கும். வேகத்தடை இல்லை, வளைவில் வேலிச்செடி கண்ணை மறைக்கிறது. சாலையில்லாத பக்கத்தில் இடம் கிடைத்திருந்தால் ஈ தளமே சரியான தேர்வாக இருந்திருக்கலாம். முதல் முறை கூடாரத்தில் தங்கும் குடும்பங்களுக்கு, காடு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, இத்தகைய தளத்தையே பரிந்துரைப்போம்.

தளம் இ: தொலைபேசியில் கேட்டவை

இ சிறிய தளம். ஏரியிலிருந்து 220 மீட்டர் தள்ளி, நீர்மட்டத்துக்கு 9 மீட்டர் மேலே, காட்டின் விளிம்பில் படிபோல் அமைந்த மேட்டு நிலம். 14 கூடார இடங்கள். படங்கள் மங்கலானவை, ஒன்றில்கூட ஏரி தெரியவில்லை. நிலப்படத்தில் பார்த்தால் மேலே எந்த ஓடையும் அதை நோக்கி இறங்கவில்லை. இரண்டு சாலைகள் இரு திசையில் பிரிகின்றன.

தொலைபேசியில் கேட்கும்போது ஆம், இல்லை என்று முடியும் கேள்விகளால் பயனில்லை. ‘கழிப்பறை சுத்தமாக இருக்குமா’ என்றால் ‘இருக்கும்’ என்றுதான் பதில் வரும். ‘ஒரு நாளில் எத்தனை முறை, எத்தனை மணிக்குக் கழுவுகிறீர்கள்’ என்று கேட்டால் உண்மை வரும். அதேபோல்: போன மழையில் எந்தெந்த எண் இடங்களில் தண்ணீர் தேங்கியது? கடைசியாகக் காய்ந்த கிளைகளை வெட்டியது எப்போது? குடிநீர் எங்கிருந்து வருகிறது, சுத்திகரித்ததா? இரவில் தளத்தில் தங்கும் பணியாளர் உண்டா, அவர் எந்த இடத்தில் இருப்பார்? எந்த நிறுவனத்தின் சிக்னல், தளத்தின் எந்த மூலையில் கிடைக்கிறது? இப்போது ஏரியில் பாசி நிலை என்ன?

இ தளத்தின் பதில்களில் இரண்டு கவனிக்க வேண்டியவை. எண் 2, 3 இடங்களில் மழைநீர் தேங்கும் என்று தயங்காமல் சொன்னார்கள். குறையைச் சொல்லத் தெரிந்த பொறுப்பாளருக்குத் தன் நிலம் தெரியும் என்று அர்த்தம். இரண்டாவது, குழாய்த் தண்ணீர் ஊற்றிலிருந்து வருகிறது, சுத்திகரிக்கப்படவில்லை. அதனால் கொதிக்க வைக்கும் ஏற்பாடு திட்டத்தில் சேர்ந்தது: நன்றாகத் தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மூன்று நிமிடம். குளோரின் மாத்திரையை மட்டும் நம்பினால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி தப்பிவிடும். சமைக்க, குடிக்க, பாத்திரம் கழுவ ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் என்று கணக்கிட்டார்கள். எட்டுப் பேருக்கு 80 லிட்டர். அதில் குடிக்கவும் சமைக்கவும் ஆகும் 32 லிட்டரை மட்டும் கொதிக்க வைத்தால் போதும். அடுப்பு வாயுவையும் அதற்குத் தகுந்தபடி கூடுதலாக எடுக்க வேண்டும்.

நேரில் செய்த சோதனைகள்

முன்பதிவை உறுதி செய்வதற்கு முன் இருவர் ஒரு பகல் போய்ப் பார்த்தார்கள். அப்படிப் போக முடியாதவர்கள், வந்திறங்கியதும் கூடாரத்தை விரிப்பதற்கு முன் இவற்றைச் செய்யலாம்; முக்கால் மணி நேரம் போதும்.

நீரிலிருந்து தொடங்குவது நல்லது. நீளமான குச்சியில் 25, 50, 100 சென்டிமீட்டரில் கோடு போட்டுக்கொண்டு, கரையிலிருந்து நேராக உள்ளே நடந்து, எத்தனை மீட்டரில் எந்த ஆழம் வருகிறது என்று பார்க்க வேண்டும். 50 சென்டிமீட்டர் என்பது 3 வயதுக் குழந்தைக்கு ஏறக்குறைய இடுப்பளவு. அந்த ஆழம் 8 மீட்டருக்கு முன்னால் வந்தால் அந்தக் கரை சிறு குழந்தைகளுக்கு ஏற்றதல்ல. மூன்று நேர்கோட்டில் இப்படி நடந்து பார்க்க வேண்டும். திடீர்ப் பள்ளம் ஒரு பக்கம் மட்டும் இருக்கலாம். இ தளத்தின் கரையில் 50 சென்டிமீட்டர் ஆழம் 12 மீட்டரில் வந்தது. ஆனால் படகுத்துறையின் வலப்பக்கம் 3 மீட்டரிலேயே வந்தது. அந்தப் பக்கம் குழந்தைகளுக்குத் தடை என்று அப்போதே முடிவாயிற்று.

வெப்பநிலையையும் அளக்க வேண்டும், மேற்பரப்பில் மட்டும் போதாது. 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால், திடீரென்று விழுபவருக்கு மூச்சு தானாகவே பெரிதாக உள்ளிழுக்கப்படும். அந்த முதல் ஓரிரு நிமிடத்தில் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் தண்ணீரைக் குடித்துவிடுவார். வெயிலில் மேற்பரப்பு வெதுவெதுப்பாகவும் இடுப்புக்குக் கீழே சில்லென்றும் இருக்கும் ஏரிகள் ஏராளம்.

பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் நீரின் மேல் படலம் தெரிந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். குச்சியால் அள்ளிப் பார்த்தால், முடிபோல் இழையிழையாக வருவது பெரும்பாலும் சாதாரணப் பாசி. பெயின்ட்போல் குச்சியில் பூசிக்கொண்டு வந்தால் சந்தேகப்பட வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பங்கு நிரப்பி, குலுக்காமல் ஒரு இரவு வைத்தால் இன்னும் தெளிவாகும்: அடியில் படிந்தால் சாதாரணப் பாசி, மேலே மிதந்து வளையமாகச் சேர்ந்தால் நீலப்பச்சைப் பாசிக்கான வாய்ப்பு அதிகம். அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. அந்தத் தண்ணீரில் குளிக்கவும் கூடாது, நாயை இறங்க விடவும் கூடாது.

தரைக்கு மூன்று சோதனைகள் போதும். தண்ணீர்ப் பாட்டிலைப் படுக்க வைத்துச் சரிவு எந்தப் பக்கம் என்று பார்ப்பது. ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு நல்லது, மழைநீர் நிற்காமல் ஓடும், தூங்குபவர் உருளவும் மாட்டார். ஒரு லிட்டர் தண்ணீரைத் தரையில் ஊற்றி ஐந்து நிமிடம் காத்திருப்பது. அதற்குப் பிறகும் குட்டையாக நின்றால், அந்த மண் இறுகிப்போய்விட்டது, மழையில் கூடாரத்தின் அடியில் தண்ணீர் நிற்கும். 20 சென்டிமீட்டர் கூடார முளையைக் கையால் அழுத்தியும் சுத்தியலால் அடித்தும் பார்ப்பது. வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும் மணலில் காற்றடித்தால் முளை பிடுங்கிக்கொண்டு வரும். அங்கே 30 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அகலமான மணல் முளைகள் தேவை.

அதன்பின் அண்ணாந்து பார்க்க வேண்டும். இலையில்லாத கிளை, ஒடிந்து மற்றொரு கிளையில் தொங்கும் கொம்பு, அடிமரத்தில் தட்டுத்தட்டாய் முளைத்த காளான், ஒரு பக்கம் வேர் தூக்கிய மண். இதில் ஒன்று இருந்தாலும் அந்த மரத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளிப் போக வேண்டும். ஏரியோர மரங்கள் ஈர மண்ணில் ஆழமாக வேர்விடாமல் பக்கவாட்டில் மட்டும் பரப்பிக்கொள்வதால், பலத்த காற்றில் வேரோடு சாயும் வாய்ப்பு அவற்றுக்கு அதிகம். கிளை விழக் காற்றுதான் அடிக்க வேண்டும் என்பதில்லை. வெக்கையான, அசைவற்ற நாளிலும் சில பெரிய மரங்கள் பச்சைக் கிளையை முறித்துப் போடுவது உண்டு.

காற்றையும் குளிரையும் பகலில் பார்த்துத் தெரிந்துகொள்வது கடினம், ஊகிக்கத்தான் வேண்டும். தெளிவான இரவில் குளிர்காற்று கனமாகிச் சரிவில் இறங்கி, பள்ளத்திலும் ஏரி விளிம்பிலும் தேங்கும். அங்கே கூடாரம் போட்டவர்கள் விடியலில் பனியும் மூடுபனியுமாக நனைந்து எழுவார்கள். 10 மீட்டர் மேலே இருப்பவர்களுக்குப் பல டிகிரி வெப்பம் கூடுதலாக இருக்கும். இ தளத்தின் 9 மீட்டர் உயரம் வெள்ளத்துக்கு மட்டும் உதவவில்லை.

எண் 7 ஏன்

தளம் முடிவானபின் அதற்குள் எந்த இடம் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. எங்கள் மதிப்பில் தளத்தைத் தேர்வதைவிட இது முக்கியம், ஏனெனில் நல்ல தளத்திலும் இரண்டு மூன்று மோசமான இடங்கள் கட்டாயம் இருக்கும்.

காலியாக இருந்தவை 3, 7, 11. எண் 3-ஐப் பொறுப்பாளரே நீக்கிவிட்டார். 11 தளத்தின் கோடியில், தனிமையாக, காட்டை ஒட்டி, மிகவும் ஈர்க்கும் இடம். ஆனால் கழிப்பறை 140 மீட்டர்; மேற்கே 50 மீட்டரில் நாணல் மண்டிய தேங்குநீர், கொசுவுக்கும் உயரமான புல்லில் காத்திருக்கும் உண்ணிக்கும் ஏற்ற இடம். 7 நடுவில் இருக்கிறது. கழிப்பறை 70 மீட்டர், கார்கள் 10 மீட்டரில், கிழக்கே திறப்பு, மேற்கே மரநிழல். காலை வெயில் கூடாரத்தின் ஈரத்தை உலர்த்தும், பிற்பகல் வெயில் உள்ளே தூங்கும் குழந்தையை வேகவைக்காது.

அளவும் பார்த்தார்கள். ஆறு பேர் கூடாரம் ஏறக்குறைய 3 க்கு 4.5 மீட்டர், இழுகயிறுகளுக்கு நாலு பக்கமும் ஒரு மீட்டர் விட்டால் 5 க்கு 6.5. அப்படி இரண்டு, நடுவே சமையல் தார்ப்பாய் 3 க்கு 3, அதிலிருந்து 5 மீட்டர் தள்ளித் தீக்குழி. 7-க்குள் இவை நெருக்கமாக அடங்கின. பாட்டியின் கட்டிலும் நாற்காலியும் வைக்க இரண்டாவது கூடாரத்தின் முன்தாழ்வாரம் பயன்பட்டது. தரைமட்ட மெத்தையிலிருந்து முழங்கால் தேய்ந்தவர் எழுவது பெரும்பாடு; 40 சென்டிமீட்டர் உயர மடக்குக்கட்டில் இந்தக் குழுவுக்கு ஆடம்பரமல்ல.

மூன்று இரவுகளில் தெரிந்தவை

முதல் இரவே மழை. 7-ல் தண்ணீர் தேங்கவில்லை. ஆனால் கூடாரத்தின் அடியில் விரித்த தார்ப்பாய் கூடாரத் தரையைவிட ஒரு சாண் அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேல்துணியிலிருந்து வழிந்த நீர் அதில் விழுந்து உள்ளே ஓடி, ஒரு மெத்தை நனைந்தது. அடிவிரிப்பு எப்போதும் கூடாரத் தரையைவிட எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் சிறியதாக மடிந்திருக்க வேண்டும். கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவது தீர்வாகாது. வேரை அறுத்து மண்ணை அரிக்கும், பெரும்பாலான தளங்களில் தடையும் உண்டு.

கழிப்பறைப் பாதையில் 70 மீட்டரில் இரண்டு இடங்களில் மரவேர் புடைத்திருந்தது. பகலில் எவர் கண்ணிலும் படவில்லை. இரவில் பாட்டி ஒருமுறை தடுக்கிச் சமாளித்துக்கொண்டார். மறுநாள் வேர்களின் மேல் வெள்ளைத் துணி நாடா கட்டி, ஆளுக்கொரு தலைவிளக்கு கொடுத்தபின் சிக்கல் தீர்ந்தது. பகலில் பார்த்த பாதையை முதல் மாலையே இருட்டில் ஒருமுறை நடந்து பார்ப்பது திட்டத்தில் இருந்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் பிற்பகலில் காற்று மாறி, கரையிலிருந்து ஏரிக்குள் வீசத் தொடங்கியது. 6 வயதுக் குழந்தையின் காற்றடைத்த மிதவை, அவள் அதைவிட்டு இறங்கிய ஒரு நிமிடத்துக்குள் 30 மீட்டர் போய்விட்டது. அதைத் துரத்தி நீந்தப் போன பெரியவரை மற்றவர்கள் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அது மிகச் சரி. மிதவையைத் துரத்திப் போய் மூழ்குவது அடிக்கடி நடக்கும் விபத்து. கரையிலிருந்து வெளிப்பக்கம் வீசும் காற்றில் நீர் அமைதியாகவே தெரியும், அதுதான் ஏமாற்றும். கரைக்கம்பத்தில் ஒரு துணித்துண்டைக் கட்டிவைத்து, அது ஏரியை நோக்கிப் பறந்தால் மிதவைகளைக் கரையேற்றிவிட வேண்டும். குழந்தைகளுக்கு 100 நியூட்டன் மிதப்புவிசையுள்ள, கழுத்துப்பட்டையும் கால்இடுக்குப் பட்டையும் கொண்ட லைஃப் ஜாக்கெட் வாங்கியிருந்தார்கள். 50 நியூட்டன் வகை நீந்தத் தெரிந்தவர்களுக்கான உதவி. மயங்கியவரின் முகத்தை அது வானத்தை நோக்கித் திருப்பாது.

தீக்குழியில் ஒரு தவறு நேர்ந்தது. இரவு கங்கின்மேல் மணலைப் போட்டு மூடிவிட்டுப் படுத்தார்கள். மணல் வெப்பத்தை அணைக்காமல் காப்பாற்றி வைக்கும். காலையில் வெறுங்காலோடு ஓடும் குழந்தைக்கு அது சாதாரணத் தரையாகத் தெரியும். நல்லவேளை, பெரியவர் ஒருவர் முதலில் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் வைத்துச் சூடு இல்லை என்று உறுதி செய்வதே முறை. மூன்றாம் இரவு குளிர் கூடியபோது, கரியடுப்பைக் கூடாரத்தின் முன்தாழ்வாரத்துக்குள் இழுத்துக்கொள்ளலாமா என்ற பேச்சு வந்தது. அணைந்ததுபோல் தெரியும் கரியும் மணிக்கணக்கில் கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு மணமில்லை, தூக்கத்தில் கொல்லும். வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்ததே போதுமானதாக இருந்தது.

தினமும் மாலையில் குழந்தைகளின் அக்குள், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம், தலைமுடி ஓரம் ஆகியவற்றைச் சோதித்ததில் இரண்டாம் நாள் 11 வயதுப் பையனிடம் ஒரு உண்ணி கிடைத்தது. கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து எடுத்தார்கள். எண்ணெய் தடவுவதும் நெருப்பு காட்டுவதும் உண்ணியை மேலும் கக்க வைக்கும். உண்ணிக்கடியால் பரவும் லைம் நோய் உள்ள பகுதிகளில் அதன் கிருமி பரவப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும், அதனால் தினசரிச் சோதனைக்கு நிஜமான பலன் உண்டு. தேதியையும் கடித்த இடத்தையும் குறித்துவைத்து, அடுத்த சில வாரங்களில் வட்டமாகச் சிவந்து படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முடிவு மாறும் இடங்கள்

இதே நான்கு தளங்கள், வேறு குடும்பம் என்றால் விடை மாறும். தவழும் குழந்தை இருந்தால் இ தளத்தின் ஊற்றுநீரும் கரடுமுரடான தரையும் பெருஞ்சுமை. ஈ தளத்தில் சாலையில்லாத பக்கம் இடம் கிடைக்கும் தேதிக்குப் பயணத்தையே தள்ளிவைக்கலாம். சக்கர நாற்காலி வந்தால் 220 மீட்டர் ஏரிப் பாதையின் 9 மீட்டர் இறக்கம் சராசரி 4 விழுக்காடுதான், ஆனால் அந்தச் சராசரிக்குள் 12 விழுக்காட்டுத் துண்டு ஒன்று ஒளிந்திருக்கிறது. அங்கே ஒருவர் பின்னால் பிடித்துக்கொண்டே இறக்க வேண்டும். குழந்தைகள் எல்லாரும் 10 வயதைத் தாண்டி, நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் என்றால் கழிப்பறைத் தூரமும் ஏரித் தூரமும் தளரும். வெள்ளப் பாதையும் ஒற்றை வழியும் அப்போதும் தளராது.

பயணத்தைக் கைவிடும் நிபந்தனைகளையும் கிளம்பும் முன்பே எழுதிவைத்திருந்தார்கள்: கனமழை எச்சரிக்கை, காட்டுத்தீ அபாய அளவு உச்சத்தில் இருப்பது, ஏரியில் பாசி எச்சரிக்கைப் பலகை. வந்த பிறகு எழுதினால், ஏழு மணி நேரம் காரோட்டி வந்த களைப்பும் குழந்தைகளின் முகமும் தீர்ப்பைக் கெடுக்கும். தளத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, அவசர அழைப்பு எண், அருகிலுள்ள மருத்துவமனைக்கு இரண்டு வழி, சிக்னல் கிடைக்கும் மேடு ஆகிய ஐந்தும் ஒரு தாளில் எழுதி, இரண்டு கார்களிலும் கண்ணாடி மடிப்பில் செருகப்பட்டன. அலைபேசியில் மட்டும் வைத்தால், அது நனைந்த இரவில் அந்தத் தகவலும் போய்விடும்.